வீட்டு வெஜ் நூடுல்ஸ் ஏன் குழைகிறது? காரணம் சாஸ் புட்டியில் இல்லை!

வணக்கம். தெருமுனை ஃபாஸ்ட் ஃபுட் கடையில் வாங்கும் வெஜ் நூடுல்ஸ் இழை இழையாக நிற்கிறது. அதே பாக்கெட், அதே சோயா சாஸ், அதே முட்டைகோஸ் போட்டு வீட்டில் செய்தால் ஒரே உருண்டையாக ஒட்டிக்கொள்கிறது. ஏன்? தண்ணீர்தான் காரணம். எப்படி என்று சொல்லிவிட்டு, இரண்டு பேருக்குச் செய்தும் காட்டுகிறேன்.

வரலாறு ஒரே வரி: கல்கத்தாவில் குடியேறி, அந்நகரின் டாங்ரா பகுதியில் தோல் பதனிட்டு, உணவகங்களும் நடத்திய சீனச் சமூகத்தின் பெயர்தான் பாக்கெட்டில் நாம் பார்க்கும் 'ஹக்கா'. போதும், அடுப்படிக்குப் போவோம்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரு கிராம் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக 70 கலோரி வெப்பம் போதும். கொதிநிலைக்கு வந்த அந்தத் தண்ணீரை ஆவியாக்க வேண்டும் என்றால் மேலும் 540 கலோரி! ஏறக்குறைய எட்டு மடங்கு. ஈரமான நூடுல்ஸைக் கடாயில் கொட்டினால், அடுப்பு தருகிற சூடு முழுவதையும் அந்த ஈரமே குடித்துவிடும். அது வற்றும்வரை கடாய்க்குள் 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும். லேசாகக் கருகிய அந்தக் கடை மணம் வர 140 டிகிரிக்கு மேல் வேண்டும். நாம் வதக்குவதாக நினைக்கிறோம். உள்ளே நூடுல்ஸ் இரண்டாம் முறை வெந்துகொண்டிருக்கிறது. கடையில் இரைச்சலோடு எரியும் பெரிய அடுப்பு, இழந்த சூட்டை உடனே ஈடுகட்டிவிடும். வீட்டு அடுப்பால் அது முடியாது.

இது நம் வீட்டுப் பாட்டிகளுக்குத் தெரியாததா? இட்லி உப்புமாவுக்கு எந்த இட்லியை எடுப்பார்கள்? காலையில் மிஞ்சி ஆறிப்போன இட்லியைத்தான். ஆவி பறக்கும் இட்லியை உதிர்த்துப் பாருங்கள், கையோடு அப்பிக்கொள்ளும். ஆறியது பூப்பூவாக உதிரும். வெந்த மாவுச்சத்து ஆறும்போது இறுகுகிறது, மேல் ஈரமும் காய்கிறது. தாளித்த இடியாப்பத்துக்கும் இதே கணக்குதான். இட்லிக்குக் காட்டுகிற பொறுமையை நூடுல்ஸுக்கும் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஆகவே, 150 கிராம் நூடுல்ஸை உப்புப் போட்டுக் கொதிக்கும் நிறையத் தண்ணீரில் போடுங்கள். பாக்கெட்டில் எழுதியிருக்கும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே வடித்து, குளிர்ந்த நீரில் அலசி, ஒரு தேக்கரண்டி எண்ணெய் புரட்டி, அகலத் தட்டில் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் அரை மணி நேரம் விடுங்கள். இந்த அரை மணி நேரத்தைக் குறைக்காதீர்கள், தயவுசெய்து!

அதற்குள் கேரட், பீன்ஸ், முட்டைகோஸ், குடைமிளகாயை மெல்லிய நீளத் துண்டுகளாக நறுக்குங்கள். கழுவிய காயைத் துணியால் துடைத்த பிறகே கத்தியை எடுங்கள்.

இரும்புக் கடாய் வேண்டும். ஒட்டாத பூச்சுள்ள பாத்திரத்தை இந்தச் சூட்டுக்கு வைக்காதீர்கள், பூச்சு கெடும். சன்னலைத் திறந்துவிட்டு, எண்ணெய் லேசாகப் புகையும்வரை காய விடுங்கள். எல்லாவற்றையும் பாதியாகப் பிரித்து, ஒரு தடவைக்கு ஒரு பங்கு மட்டும் போடுங்கள். கடாய் நிறைந்தால் சூடு செத்துவிடும். முதலில் பூண்டு, பிறகு பீன்ஸ், கேரட், கடைசியில் முட்டைகோஸும் குடைமிளகாயும். இரண்டே நிமிடம், காய் பல்லில் நறுக்கென்று கடிபட வேண்டும். உப்பை இப்போது போட்டால் காய் தண்ணீர் விடும், பொறுங்கள்.

நூடுல்ஸைப் போட்டு இரண்டு கரண்டியால் தூக்கித் தூக்கிப் புரட்டுங்கள். ஒரு தேக்கரண்டி சோயா சாஸை நூடுல்ஸின் மேல் ஊற்றாமல் கடாயின் ஓரச் சுவரில் ஊற்றுங்கள். 'சுர்' என்று பொங்கி மணம் எழும். அந்தச் சத்தம் வந்தால் உங்கள் கடாய் சரியான சூட்டில் இருக்கிறது. வெள்ளை மிளகுத்தூள், உப்பு, அரைத் தேக்கரண்டி வினிகர், ஒரு கைப்பிடி வெங்காயத்தாள். அடுப்பை அணைத்துவிட்டு, அடுத்த பங்குக்குக் கடாயைத் துடைத்து மறுபடி காய வையுங்கள்.

முதல் தட்டு சூடாக இருக்கும்போதே யாராவது ஒருவர் சாப்பிடத் தொடங்கிவிடட்டும். 'சுர்' சத்தம் எத்தனையாவது முயற்சியில் வந்தது என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படிப்பேன்.