மனசு மட்டும் இல்லீங்க நடுவரே, கொள்கைதான்!

நடுவர் அவர்களுக்கும் சபையில இருக்குற எல்லாருக்கும் வணக்கம். எதிரணி அக்கா ரொம்ப உருக்கமா பேசினாங்க, நானும் கைதட்டினேன். ஆனா ஒரு வரிய மட்டும் என்னால ஏத்துக்கவே முடியல. ஸ்பெயின் உள்நாட்டுப் போர்ல, குடியரசு பக்கம் சிறைப் பொறுப்புல இருந்து எதிரிக் கைதிகளக் காப்பாத்தின அனார்க்கிஸ்ட் மெல்ச்சோர் ரோட்ரிகெஸ் "கொள்கைய ஓரங்கட்டிட்டு மனுசனா நின்னாரு"ன்னு சொன்னாங்க. இல்லக்கா, அவரு கொள்கைய கெட்டியா புடிச்சதாலதான் அத்தன உயிரும் பொழச்சது.

அரசாங்கமே வேண்டாம்னு சொல்றவங்கதான் அனார்க்கிஸ்ட், அத நாம அராஜகவாதின்னு எழுதுறோம், குழப்பமே அங்கதான் ஆரம்பிக்குது. அராஜகம்னா ராஜா இல்லாத நிலைமைன்னுதான் அர்த்தம், நம்ம பேச்சுல அது அட்டூழியம்னு ஆகிப்போச்சு. அதனாலதான் ஒரு அராஜகவாதி நல்லது செஞ்சா கொள்கைய மீறிட்டார்னு நமக்குத் தோணுது.

மெல்ச்சோர் 1893ல ஸ்பெயினோட செவில் நகரத்துல பொறந்த ஏழை வீட்டுப் பையன், கொஞ்ச நாள் காளைச்சண்டை வீரர், அப்புறம் பட்டறைத் தொழிலாளி. சி.என்.டி.ங்கற அனார்க்கிஸ்ட் தொழிற்சங்கத்துல சேந்து மன்னராட்சியிலயும் ஜெயிலு, குடியரசு வந்த பிறகும் ஜெயிலு. ராத்திரியில கொட்டடிக் கதவு தொறக்குற சத்தம் கேட்டா உள்ள இருக்கறவனுக்கு எப்படி இருக்கும்னு அவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்ல.

1936 நவம்பர். குடியரச எதிர்த்துக் கெளம்பின ஜெனரல் பிராங்கோ படை தலைநகர் மாட்ரிட் வாசல்ல நிக்குது. குடியரசு பக்கத்து ஆளுங்க, வேற ஜெயிலுக்கு மாத்துறோம்னு சொல்லி, பிராங்கோ ஆதரவாளர்னு அடைச்ச கைதிகள வண்டியில ஏத்திட்டுப் போய் பாராகுவெயோஸ் பக்கம் சுட்டுப் புதைக்கிறாங்க, ரெண்டாயிரத்துக்கும் மேல செத்துருக்காங்க நடுவரே. நவம்பர் 10ல சிறைப் பொறுப்புக்கு வந்த மெல்ச்சோர், என் உத்தரவு இல்லாம ராத்திரியில ஒரு கைதி வெளிய போகக்கூடாதுன்னுட்டாரு. கொலை நின்னுச்சு. மேலிடத்துல ஆதரவு இல்லாம 14ம் தேதி ராஜினாமா பண்றாரு, கொஞ்ச நாள்ல வண்டிங்க திரும்பக் கெளம்பிடுச்சு. டிசம்பர் ஆரம்பத்துல அவரு திரும்ப வந்தப்புறம்தான் மறுபடி நின்னுச்சு.

அவருக்கு மேல இருந்த நீதி அமைச்சர் கார்சியா ஒலிவெரும் அனார்க்கிஸ்ட்தானே, அந்த இயக்கத்து ஆளுங்க கையிலயும் ரத்தம் இருக்கேன்னு அக்கா கேட்டாங்க. இருக்கு, மறுக்கல. ஆனா அரசாங்கம் மனுசன அடைக்கவும் கொல்லவும் கூடாதுன்னு காலமெல்லாம் பேசிட்டு, அதிகாரம் கைக்கு வந்ததும் அதையே செஞ்சா, கொள்கைய விட்டது அவங்களா இவரா?

டிசம்பர் 6ல குவாதலஹாரா ஊர்ல பிராங்கோ பக்கத்து விமானம் குண்டு போட்டுச்சு, ஆத்திரத்துல ஜனங்க ஜெயிலுக்குள்ள பூந்து கிட்டத்தட்ட 300 பேரக் கொன்னுட்டாங்க. ரெண்டே நாள்ல அல்கலா தே எனாரெஸ்லயும் குண்டு, அங்கயும் கூட்டம் ஜெயிலுக்கு வருது, பெத்த புள்ளைய பறிகொடுத்தவன் கோவத்த என்னால தப்பு சொல்ல முடியாது. அந்தக் கூட்டத்துக்கு முன்னாடி மெல்ச்சோர் மணிக்கணக்கா நிக்கிறாரு, துப்பாக்கி அவரு நெஞ்சுக்கு நேரா இருக்கு, மீறி உள்ள வந்தா கைதிங்க கையில ஆயுதத்த குடுத்துருவேன்னு கூட மிரட்டினதா சொல்றாங்க. உள்ள இருந்த 1,532 பேரும் உயிரோட இருந்தாங்க. பெரும்பாலும் அவரு எதிர்த்த பிராங்கோ பக்கத்து ஆளுங்க!

வெறும் இரக்கம்தான் காரணம்னா போர் முடிஞ்சதும் ஜெயிச்ச பிராங்கோ பக்கம் சாஞ்சு நிம்மதியா இருந்திருக்கலாமே? பிராங்கோ கோர்ட்டு அவருக்கு 20 வருஷம் போட்டுச்சு. பிராங்கோ படையோட ஜெனரல் முன்யோஸ் கிராந்தெஸே, மெல்ச்சோரால பொழச்சவங்க கையெழுத்தோட வந்து அவருக்காகப் பேசினாரு. சில வருஷத்துல வெளிய வந்து இன்சூரன்ஸ் பாலிசி வித்து வயித்தக் கழுவினாரு, தடைசெஞ்ச சங்கத்த மட்டும் விடல, அதுக்காகத் திரும்பவும் ஜெயிலுக்குப் போனாரு.

1972ல செத்தாரு. பிராங்கோ இன்னும் ஆட்சியில இருக்காரு. ஆனா சவப்பெட்டி மேல சிவப்பு கருப்பு அனார்க்கிஸ்ட் கொடி, சுத்தி அவரோட தோழர்கள், அவங்க பக்கத்துலயே அவரால பொழச்ச பிராங்கோ ஆளுங்க. கொள்கைய ஓரங்கட்டினவருக்கு அந்தக் கொடிய போத்துவாங்களா நடுவர் அவர்களே?