ஈசாக்கு விட்டுக்கொடுத்த கிணறுகள்

அன்பான நேயர்களே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் போதகர் இல்லீங்க, முப்பது வருஷம் கணக்கு வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவன், எங்க சபையில ஞாயிறு பள்ளிக்கூடம் எடுக்கிறேன். இன்னைக்கு பைபிளோட முதல் புத்தகமான ஆதியாகமம் 26ம் அதிகாரத்தப் பத்திப் பேசலாம்னு வந்திருக்கேன். அதாவது ஈசாக்கோட கிணறுகள்.

ஆபிரகாமப் பத்தி நிறைய பிரசங்கம் கேட்டிருப்பீங்க, யாக்கோபப் பத்தியும் கேட்டிருப்பீங்க, ஆனா நடுவுல இருக்கிற ஈசாக்கப் பத்தி, அதாவது ஆபிரகாமுக்கு மகன், யாக்கோபுக்கு அப்பா, அவரப் பத்தி அவ்வளவா யாரும் பேசுறதில்ல. சின்ன வயசுல மோரியா மலையில அப்பா கூட விறகு சுமந்துகிட்டு நடந்து போன பையன், ஆட்டுக்குட்டி எங்கேன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டவன், அதுக்கப்புறம் கர்த்தர் பலியாக் கேட்டபடி அப்பா பலிபீடத்துல கட்டிக் கிடத்துனப்ப அவன் திமிறுனதா வேதத்துல ஒரு வார்த்தை கூட இல்ல. அப்படி ஒப்புக்கொடுத்த பிள்ளை வளந்து பெரிய ஆளாகி என்ன பண்ணுனான்னு பாக்கணும்னா இந்த 26ம் அதிகாரத்துக்குத்தான் வரணும்.

தேசத்துல பஞ்சம். எகிப்துக்குப் போனா நைல் நதி இருக்கு, சாப்பாடு இருக்கு, அப்பாவும் முன்னால ஒரு பஞ்சத்துல அங்கதான் போனாரு. ஆனா கர்த்தர் எகிப்துக்குப் போகாதே, நான் சொல்ற தேசத்துல இருன்னு சொல்லிட்டாரு. இவன் பெலிஸ்தர் ஜனங்க இருந்த கேராருலயே தங்கிட்டான். அந்தப் பக்கம் எவ்வளவு வறட்சின்னு ஒரு கணக்கு சொல்றேன், பெயெர்செபாவுல வருஷம் முழுக்க பெய்யிற மழை சுமாரா 20 சென்டிமீட்டர்தான். நம்ம காயல்பட்டினத்துல 2023 டிசம்பர்ல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, அத நெனச்சுப் பாருங்க. பழைய பெயெர்செபா மேட்டுல தோண்டி எடுத்த ஒரு கிணறு இருக்கு, அது ஆபிரகாம் வெட்டுனதுன்னு நான் சொல்ல வரல, ஆனா அதோட ஆழம் ஏறக்குறைய 70 மீட்டர். இன்னைக்கு மாதிரி போர் மெஷினா வேட்டா, ஒண்ணும் கிடையாது, கையால வெட்டுனது. அங்க ஒருத்தன் கிணத்த விட்டுக்கொடுத்தான்னா அவன் மாசக்கணக்கான உழைப்பையும் ஆடுமாடுகளோட உயிரையும் சேத்துத்தான் குடுக்கிறான்.

அந்தப் பஞ்ச தேசத்துல ஈசாக்கு விதைச்சான், அந்த வருஷமே நூறு மடங்கு பலன் வந்துச்சு. அதப் பாத்து பெலிஸ்தருக்குப் பொறாமை. உடனே என்ன பண்ணுனாங்கன்னா ஆபிரகாம் காலத்துக் கிணறுகளையெல்லாம் மண்ணப் போட்டுத் தூர்த்துட்டாங்க. இத வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பொறுக்காது, ஏன்னா அவங்க கூட குடிக்க முடியாதே அந்தத் தண்ணிய! நமக்கு இல்லாட்டியும் பரவாயில்ல அவனுக்கு இருக்கக் கூடாதுங்கிற குணம் இருக்கே, அது பெலிஸ்தரோட முடிஞ்சு போகல. ராஜா அபிமெலேக்கும் கூப்பிட்டு, நீ எங்களவிட பலத்தவனாயிட்ட, போயிருன்னு சொல்லிட்டான்.

இதுல ஒண்ண நாம கவனிக்கணும். முந்தி ஆபிரகாமோட வேலைக்காரங்க வெட்டுன ஒரு கிணத்த அபிமெலேக்கு ஆளுங்க பறிச்சுகிட்டாங்க, ஆபிரகாம் நேர்ல கேட்டு ஏழு பெண்ணாட்டுக்குட்டியக் குடுத்து, நான்தான் இத வெட்டுனேன்னு ஆணையிட்டு உடன்படிக்கையே பண்ணியிருக்காரு, 21ம் அதிகாரத்துல இருக்கு. அதாவது இந்தக் குடும்பத்துக்கு ஏற்கனவே ஒரு பேச்சுவார்த்தை, ஒரு ஒப்பந்தம் எல்லாம் உண்டு. பலமும் இருந்துச்சு, அத ராஜாவே ஒத்துகிட்டான். அப்படியிருந்தும் ஈசாக்கு கெளம்பிப் போய் பள்ளத்தாக்குல கூடாரம் போட்டுட்டு, அப்பா வெட்டுன கிணறுகளத் திரும்பத் தோண்டி, அப்பா வச்ச அதே பேரையே வச்சான். புதுசா ஒரு ஊத்து சுரந்துச்சு, கேராரூர் மேய்ப்பங்க வந்து எங்க தண்ணின்னாங்க, ஏசேக்குன்னு பேர வச்சுட்டு அத விட்டான், வாக்குவாதம்னு அர்த்தம். இன்னொண்ணு வெட்டுனான், அதுக்கும் சண்டை, சித்னான்னு பேரு, எபிரெய மொழியில சாத்தான்ங்கிற சொல்லுக்கும் இதுக்கும் வேர் ஒண்ணுதான்னு சொல்லுவாங்க, பகைன்னு அர்த்தம். அதையும் விட்டான். மூணாவது கிணத்துக்கு யாரும் சண்டைக்கு வரல, ரெகொபோத், இப்போ கர்த்தர் நமக்கு இடம் உண்டாக்கினார்னு சொல்றான்.

எங்க வீட்டுக் கதைய இங்க சொல்லணும். எங்க அப்பா கூடப்பிறந்தவங்க மொத்தம் நாலு பேரு, நாலு பேருக்கும் பொதுவா ஒரு பங்குக்கிணறு, எட்டு நாளைக்கு ஒருக்கா முறை வரும், அன்னைக்கு மோட்டார் போட்டு வாழைக்குத் தண்ணி பாய்ச்சணும். 1986ல ஒரு வாய்த்தகராறுல அப்பாவுக்கு முறை கிடையாதுன்னு சொல்லி மோட்டார் ரூமுக்கு வேற பூட்டுப் போட்டுட்டாங்க. அப்பா சாவியக் கையில வச்சுகிட்டு அந்தப் புதுப் பூட்டையே பாத்துகிட்டு நின்னாரு, நான் பக்கத்துல நிக்கேன், வயசு 19, ஒரு கல்ல எடுத்தேன். அப்பா என் கையப் பிடிச்சு அந்தக் கல்ல வாங்கி வரப்புல வச்சாரு, வாடா போலாம்னாரு. வேற ஒண்ணும் பேசல. அந்த வருஷம் வாழை பூரா காஞ்சு போச்சு. எனக்கு அப்பா மேல அவ்வளவு கோவம், பயந்தாங்கொள்ளின்னு மனசுக்குள்ள திட்டியிருக்கேன், பல வருஷம்.

ஆனா அப்பா சும்மா உக்காரல. மேட்டுக்காட்டுல எங்களுக்குன்னு இருந்த கொஞ்ச நிலத்துல கிணறு வெட்ட ஆரம்பிச்சாரு. 30 அடியில பாறை, வேட்டு வச்சு ஒடைக்கணும், காசு இல்ல, அம்மா கம்மல் அடகுக்குப் போச்சு. தெனமும் காலையில கிணத்து மேட்டுல முழங்கால் போட்டு ஜெபம் பண்ணிட்டுத்தான் உள்ள எறங்குவாரு, சட்டி சட்டியா மண்ணு மேல வரும். மூணாம் வருஷம் தண்ணி வந்துச்சு, ரொம்ப இல்ல, ஒரு மணி நேரம் மோட்டார் ஓடுனா வத்திரும், லேசா உப்புக் கரிக்கும். அந்தத் தண்ணியிலதான் நாங்க படிச்சு ஆளானோம்.

விட்டுக்கொடுக்கிறதுன்னா கைய கட்டிகிட்டு நிக்கிறதுன்னு நிறைய பேரு தப்பா நெனைக்கிறாங்க. ஈசாக்கு ஒவ்வொரு தடவை விட்டப்பவும் அடுத்த இடத்துல மம்பட்டிய எடுத்தான், அவன் கர்த்தர நம்புனான்ங்கிறதுக்கு எனக்கு அதுதான் அடையாளம். இன்னொண்ணும் கண்டிப்பா சொல்லணும், அவன் விட்டது கிணத்தத்தான், மனுஷங்கள இல்ல. வீட்டுல அடி வாங்குற ஒரு சகோதரிகிட்ட போய் ஈசாக்கு மாதிரி பொறுத்துப் போம்மான்னு யாராவது சொன்னா அது தப்பு, பெரிய தப்பு. அவங்க பத்திரமான எடத்துக்குப் போகணும், போலீஸ் உதவி வேணும்னா கேக்கணும். பவுலும் ரோமருக்கு எழுதும்போது "கூடுமானால் உங்களாலானமட்டும்"னு சொல்லிட்டுத்தான் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்னு சொல்றாரு, அந்த ரெண்டு வார்த்தைய நாம தாண்டிப் போகக் கூடாது.

அதே மாதிரி ஈசாக்கு குறையே இல்லாதவனும் கிடையாது, உயிருக்குப் பயந்து மனைவி ரெபெக்காள தங்கச்சின்னு பொய் சொன்னது இதே அதிகாரத்துலதான் இருக்கு. அப்படிப்பட்டவனத்தான் கர்த்தர் நடத்துனாரு, பெயெர்செபாவுல ராத்திரி தரிசனமாகி பயப்படாதே, நான் உன்னோட இருக்கேன்னு சொன்னாரு. அவன் முதல்ல பலிபீடம் கட்டுனான், அப்புறம் கூடாரம், அப்புறம் கிணறு.

அந்தச் சமயத்துல யாரு வர்றா? தொரத்திவிட்ட அதே அபிமெலேக்கு, கூட சிநேகிதன் அகுசாத்து, சேனாபதி பிகோல். ஈசாக்கு மூஞ்சிக்கு நேரா கேட்டான், என்னப் பகைச்சுத் தொரத்திட்டு இப்ப ஏன் வந்தீங்கன்னு. நடந்தத மறைச்சுப் பூசி மெழுகல. கேட்டுட்டு அவங்களுக்கு விருந்து வச்சான்.

எங்க சித்தப்பா 11 வருஷம் கழிச்சு ஒரு சாயங்காலம் எங்க வீட்டு முத்தத்துல வந்து நின்னாரு. உள்ள வரல, செருப்பையும் கழட்டல. பங்குக்கிணறு வத்திப் போச்சு, மாட்டுக்குத் தண்ணி இல்ல, அதக் கேக்க வந்திருக்காரு, வாய் வரல. அப்பா கட்டில்ல இருந்து எந்திரிச்சு, "ஏல, அன்னைக்கு ஏன் அப்படிச் செஞ்ச?"ன்னு ஒரே ஒரு தடவை கேட்டாரு. சித்தப்பா தரையப் பாத்துகிட்டே நின்னாரு. அம்மா உள்ள போய் ஒரு செம்புல தண்ணி கொண்டாந்து குடுத்தாங்க, அவரு குடிக்கும்போது தொண்டை அடைச்சு பாதித் தண்ணி சட்டையில ஒழுகுச்சு. மறுநாள் காலையில இருந்து அவரு மாடு ரெண்டும் எங்க தொட்டியிலதான் தண்ணி குடிச்சுது. அப்பா பயந்தவரு இல்லங்கிறது அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது, எனக்கு அப்போ வயசு 30.

இவ்வளவு பேசுறேனே, எனக்கும் என் ஒண்ணுவிட்ட தம்பிக்கும் ஒரு பாதைத் தகராறுல பேச்சு நின்னு மூணு வருஷம் ஆச்சு. அவன் நம்பர் என் போன்ல இருக்கு. ரெக்கார்டிங் முடிஞ்சு வெளிய போனதும் கூப்பிடணும்னு முடிவு பண்ணித்தான் இங்க வந்தேன். அவன் எடுக்கணும்னு ஜெபம் பண்ணிக்கோங்க.