பிள்ளைகளோடு ஓடையில் இறங்குவோம்

(உதகையில் வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, வேலைகளுக்கு நடுவே வந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் திறந்துவிட்ட பெரியவரே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசிய தலைமையாசிரியர் அம்மா அவர்களே, இந்தக் குளிரில் ஸ்வெட்டரும் குல்லாவும் மாட்டிப் பிள்ளைகளைக் கூட்டி வந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

மூன்று விஷயம் சொல்ல வந்தேன். புதைபடிவம், அதாவது கல்லாகிப்போன பழங்கால உயிர்த்தடம், எங்கே கிடைக்கும், குடும்பமாக எப்படித் தேடுவது, நமக்குக் கிடைத்திருக்கும் ஓடையையும் சதுப்பையும் எப்படிப் பத்திரப்படுத்துவது.

'எறும்பு ஊரக் கல்லும் தேயும்' என்று என் பாட்டி சொல்லும். எறும்புக்கே தேயும் என்றால் ஓடைத் தண்ணீருக்குக் கேட்கவா வேண்டும்? அது கரையை அரித்து, உள்ளே புதைந்திருந்ததை வெளியே எடுத்துப் போடுகிறது. அதனால்தான் ஓடையில் தேடுகிறோம்.

என் தங்கை அமெரிக்காவில் சின்சினாட்டியில் இருக்கிறாள். அங்கே ஊருக்குள் ஓடும் ஓடைகளிலேயே கல்லாகிப்போன கிளிஞ்சல்கள் கிடைக்கும். வயது ஏறத்தாழ 45 கோடி ஆண்டு! அவள் மகன் ஒன்றைப் பொறுக்கி என் மகளுக்குக் கொடுத்தனுப்பினான். கட்டைவிரல் நகம் அளவுதான், விசிறி மாதிரி வரிவரியாக இருக்கும். அவ்வளவுதான், எட்டு வயசுப் பிள்ளை பிடித்துக்கொண்டாள்: "அப்பா, நம்ம ஓடைக்குப் போலாம்."

போனோம். ரப்பர் பூட்ஸ், பழைய பல் பிரஷ், ஒரு தூக்குவாளி. கோடப்பமந்து கால்வாயின் மேல்பக்கம் இறங்கி அரை மணி நேரம் புரட்டினோம். உடைந்த பீங்கான், பால் கவர், ஒரு செருப்பு. திடீரென்று அலறினாள், "அப்பா! இலை கல்லாயிடுச்சு!" ஓடிப்போய்ப் பார்த்தால், உள்ளங்கை அகலக் கல்லில் சில்வர் ஓக் இலை, நரம்பு நரம்பாக. டீக்கடை அண்ணன் சொம்புத் தண்ணீர் ஊற்றினார். ஆட்டோ ஸ்டாண்டே கூடிவிட்டது. "டைனோசர் தின்ன இலையா சார்?" என்றார் ஒருவர். தண்ணீர் பட்டதும் இலை பளிச்சென்று தெரிந்தது. கூடவே கல்லின் ஓரத்தில் ஜல்லியும் தெரிந்தது. கான்கிரீட். கால்வாய்க்குத் தரை போட்டபோது ஈரச் சிமெண்டில் விழுந்த இலை! "அப்ப இதுக்கு எத்தனை வயசுப்பா?" என்றாள். "உன் வயசு இருக்கும்மா" என்றேன். ரொம்பச் சந்தோஷப்பட்டாள். இன்றைக்கும் ஜன்னலோரம் அந்த விசிறிக் கல்லுக்குப் பக்கத்தில் அது இருக்கிறது.

சரி, நம் மலையில் ஏன் கிளிஞ்சல் இல்லை? நீலகிரிப் பாறை சார்னோகைட். பூமிக்கு வெகு ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருவானது, ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழசு. அதில் உயிர்த்தடம் தங்காது. கடல் கிளிஞ்சலுக்கு அரியலூர்ப் பக்கம் போக வேண்டும். கல்லாகிப்போன மரம் பார்க்கப் பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூருக்குப் போகலாம், 18 மீட்டர் நீளம். பார்க்கத்தான், பெயர்த்தெடுக்க அல்ல.

ஆனால் நம்மிடமும் ஒரு புதையல் உண்டு. சேறு! கூடலூர் ரோட்டில் சாண்டிநல்லா சதுப்பின் கறுப்பு மண்ணில் 20 ஆயிரம் ஆண்டு காலநிலை பதிவாகியிருக்கிறது. மகரந்தம் கூடக் கெடாமல் கிடக்கிறது. எப்போது புல்வெளி பரவியது, எப்போது சோலை பெருகியது என்று ஆராய்ச்சியாளர்கள் அதைப் படித்துச் சொல்கிறார்கள்.

அந்தச் சேற்றை அடித்துப் போகாமல் பிடித்து வைத்திருப்பது சதுப்பு. அதை மண் போட்டு மூடுகிறோம், ஓடைக்குச் சிமெண்ட் தரை போடுகிறோம், அதன்மேல் சாக்கடையை விடுகிறோம். எல்லாம் கடைசியில் ஊட்டி ஏரிக்குத்தான் போகிறது. சின்சினாட்டியில் என் மருமகன் கை விட்டுத் துழாவுகிற மாதிரி என் மகள் இங்கே விட முடியவில்லை. அன்று வீட்டுக்கு வந்து மூன்று முறை சோப்புப் போட்டும் அவள் கையில் நாற்றம் போகவில்லை. பெற்றவனுக்கு எப்படி இருக்கும்?

கழிவுநீர் கால்வாயில் கலக்கக் கூடாது. மேல்பக்கம் மிச்சமிருக்கும் மண் கரைக்குச் சிமெண்ட் போடக் கூடாது. இந்த இரண்டையும் கேட்டு மனு எழுதியிருக்கிறோம். நகர்மன்ற உறுப்பினர் அவர்கள் மேடையிலேயே வாங்கிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார், அவருக்கு மனமார்ந்த நன்றி. ஒரு மனுவால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு என் பாட்டியின் பதில்தான்: எறும்பு ஊரக் கல்லும் தேயும்.

மனு இப்போது மூன்றாவது வரிசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டவர்கள் பேனாவையும் சேர்த்துப் பின்னால் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு டீக்கடை முன்னால் நிற்போம். கையுறையும் சாக்குப்பையும் நான் கொண்டு வருகிறேன், பிள்ளைகளை நீங்கள் கூட்டி வாருங்கள்.