சரளைச் சாலையில் 2,000 நடை

நேயர்களுக்கு வணக்கம். நான் சாலைப் பொறியாளர். எண்ணெய் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால், அங்கே சாலை எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பேன்.

அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் கோதுமையும் மாடும்தான் பலருக்குப் பிழைப்பு. அங்கே சுமார் 10,000 அடி ஆழத்தில் பாக்கன் என்ற பாறை அடுக்கில் எண்ணெய் இருக்கிறது. பாறை இறுகிக் கிடப்பதால் வெறும் துளை போட்டால் அது ஊறி வராது. நேராக இறங்கி, கிடைமட்டமாகத் திரும்பி 2 மைல் வரை துளைத்து, தண்ணீரையும் மணலையும் பேரழுத்தத்தில் செலுத்திப் பாறையில் விரிசல் விழ வைக்க வேண்டும். 2008 வாக்கில் வேலை சூடு பிடித்தது. 2014-இல் உற்பத்தி நாளுக்கு 10 லட்சம் பீப்பாயைத் தாண்டியது.

புல்வெளிக்கு நடுவே துளை போட ஏக்கர் கணக்கில் மேடையைச் சமன் செய்து செங்கல் நிறக் கல்லைக் கொட்டினார்கள். குழாய் போடாத இடங்களில் எண்ணெயோடு வரும் எரிவாயுவைக் கொளுத்திவிட்டார்கள். இரவில் அந்தத் தீ தியோடர் ரூஸ்வெல்ட் தேசியப் பூங்காவிலிருந்தும் தெரியும்.

சரி, தண்ணீரும் மணலும் எப்படி வந்தன? லாரியில். எண்ணெய்க் கிணற்றிலிருந்து திரும்பும் உப்புநீரும் லாரியில்தான். ஒரு கிணற்றுக்குச் சுமார் 2,000 நடை என்று கணக்குச் சொல்கிறார்கள். அந்தச் சாலைகளோ அறுவடைக்குத் தானிய வண்டி போகப் போட்ட சரளைச் சாலைகள். அச்சின் மேல் ஏறும் சுமை இரண்டு மடங்கானால் சேதம் ஏறத்தாழ 16 மடங்கு. 1958 முதல் 1960 வரை இல்லினாய் மாநிலத்தில் லாரிகளை ஓட்டிப் பார்த்துக் கண்ட கணக்கு இது. அதுவும் தார், கான்கிரீட் சாலைகளுக்கு. வெறும் சரளை என்ன தாங்கும்?

பனி இளகும் மாதங்கள்தான் மிக மோசம். மேல்மண் இளகிவிடும், அடிமண் உறைந்தே கிடக்கும், நடுவில் தண்ணீர் வடிய வழியில்லாமல் நிற்கும். பார்வைக்குச் சாலை, சக்கரம் ஏறினால் சேறு. அதனால்தான் அப்போது எடைக் கட்டுப்பாடு போடுகிறார்கள்.

பின்னாளில் ஒரே மேடையில் பல கிணறுகள், தண்ணீருக்குக் குழாய் என்று வந்தபிறகு லாரிகள் குறைந்தன. இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அப்புறம் புழுதி. ஒரு ஜூலையில் அங்குள்ள வாட்ஃபோர்ட் சிட்டி என்ற ஊருக்குப் பக்கத்தில் சாலையோரப் புல்லைத் தொட்டுப் பார்த்தேன். மாவு மாதிரி விரலில் ஒட்டியது. மாடு அதை எப்படி மேயும்? பக்கத்து டன் மாவட்டத்தில் இன்னும் கவலையான விஷயம். அங்கே பல பத்தாண்டுகளாகச் சாலைக்குப் போட்ட சரளையில் எரியோனைட் என்ற நார்க் கனிமம் கலந்திருந்தது. மூச்சில் போனால் நுரையீரல் உறையில் புற்றுநோய் வரலாம். லாரி பெருகியதும் அந்தப் புழுதியும் பெருகியது. 2011-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்த நோயால் பலர் இறந்த துருக்கிக் கிராமம் ஒன்றின் காற்றோடு இந்தக் காற்றை ஒப்பிட்டது. இங்கே நாரின் அளவு அதற்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தது. காற்று மாதிரி எடுத்த இடங்களில் பள்ளிப் பேருந்தின் உட்புறமும் ஒன்று. காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை, பிள்ளைகள் போனதும் வந்ததும் அதே சாலையில்தான்.