ஆன்டிவைரஸ் போட்டேன், லேப்டாப் ஆன் ஆகவில்லை

வானொலி நேயர்களுக்கு வணக்கம். மதுரையில் லேப்டாப் பழுது பார்க்கும் சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறேன். இன்றைக்கு வழி சொல்லும் இடம் ஒன்று வரும். பேனாவும் பேப்பரும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

போன வருஷம் பள்ளி ஆசிரியை ஒருவர் மஞ்சப்பையில் லேப்டாப்பைச் சுற்றிக்கொண்டு வந்தார். "தம்பி, நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. ஆன்டிவைரஸ் போட்டேன். ரீஸ்டார்ட் பண்ணவான்னு கேட்டுச்சு, சரின்னேன். அதோட போச்சு" என்றார். இன்னொரு கடையில் காட்டியிருக்கிறார். பத்து நிமிஷத்தில் ஃபார்மெட் அடித்து, அதாவது உள்ளே இருப்பதை அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றித் தருகிறோம் என்றார்களாம். உள்ளே இருந்தது அரையாண்டுத் தேர்வு மதிப்பெண் பட்டியல்.

நான் கேட்ட முதல் கேள்வி: பட்டனை அழுத்தினால் லோகோ வருகிறதா? வந்தது. கீழே புள்ளிகள் சுற்றின, நீலத்திரை வந்தது, தானாகவே அணைந்து மறுபடி லோகோ. எனக்கு அப்போதே பாதி நிம்மதி. விளக்கே எரியவில்லை, விசிறிச் சத்தமே இல்லை என்றால் அது சார்ஜர், பேட்டரி, போர்டு சமாச்சாரம்; ஆன்டிவைரஸ் மேல் பழி போட முடியாது. லோகோ வரை வந்து விழுகிறது என்றால் பெரும்பாலும் இயந்திரத்துக்கு ஒன்றுமில்லை, உள்ளே இருக்கும் கோப்புகளும் பத்திரம்.

அப்புறம் ஏன் விழுகிறது? கோயிலில் அர்ச்சகர் வந்து நடை திறப்பதற்கு முன்பே மெய்க்காவலர் உள்ளே இருப்பார். ஆன்டிவைரஸும் அப்படித்தான். நாம் திறக்கிற மற்ற மென்பொருள்கள் எல்லாம் விண்டோஸ் விழித்த பிறகு வருபவை. இதன் டிரைவர், அதாவது விண்டோஸோடு சேர்ந்து வேலை செய்யும் அடிப்படை நிரல், விண்டோஸின் கருவறையிலேயே, தொடங்கும்போதே ஏறிவிடும். வெளிப் பிராகாரத்தில் ஒருவர் தடுக்கி விழுந்தால் அவரோடு போகும். கருவறையில் விழுந்தால் நடையே திறக்காது. டீச்சரின் லேப்டாப்பில் வாங்கும்போதே கூட வந்த ஆன்டிவைரஸ் ஒன்று ஏற்கெனவே இருந்தது. அதை எடுக்காமல் புதிதாக ஒன்றைப் போட்டிருக்கிறார். இரண்டும் ஒரே கோப்பைத் திறக்கும்போது குறுக்கே கை நீட்டும்.

டீச்சருக்கு மட்டும் வந்த சோதனையில்லை இது. 2024 ஜூலை 19, நம் நேரப்படி காலை 9:39க்கு கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒரு புதுப்பிப்பை அனுப்பியது. அதில் பிழை. 78 நிமிஷத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றுவிட்டன என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள், ஞாபகம் இருக்கும். அதற்கு மருந்து என்ன தெரியுமா? சேஃப் மோடில், அதாவது அத்தியாவசியமானவற்றை மட்டும் வைத்து விண்டோஸ் விழிக்கும் நிலையில் போய், ஒரே ஒரு கோப்பை அழிப்பது. ஃபார்மெட் இல்லை.

இப்போது பேனாவை எடுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் இதே வழிதான். லோகோ வந்ததும் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணையுங்கள். இன்னொரு முறையும் அப்படியே. மூன்றாவது முறை விட்டுவிடுங்கள். பழுது பார்க்கிறேன் என்று அதுவே ஒரு திரைக்குப் போகும். அதில் டிரபிள்ஷூட், பிறகு அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், பிறகு ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட். எண் போட்ட பட்டியல் வரும். 4 அழுத்தினால் சேஃப் மோடு. போகிற வழியில் 'ரீசெட் திஸ் பிசி' என்று ஒன்று கண்ணில் படும்; எல்லாவற்றையும் அழிக்கும் 'ரிமூவ் எவ்ரிதிங்' அதற்குள்தான் இருக்கிறது. அதன் பக்கமே போகாதீர்கள்.

டீச்சர் கதையில் சிக்கல் இங்கேதான். நடுவில் ஒரு நீலத்திரை 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டது. இப்போது வரும் பல லேப்டாப்புகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். அந்தச் சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் கிடக்கும். "எனக்கு அப்படிக் கணக்கே கிடையாதே" என்றார். லேப்டாப்பை முதன்முதலில் ஆன் பண்ணிக் கொடுத்தது யார் என்று கேட்டேன். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகன். ஃபோன் போட்டோம். அவர் தன் கணக்கைத் திறந்து ஆறு ஆறு எண்ணாக எட்டுத் தொகுதி வாசித்தார். டீச்சர் வருகைப் பதிவேடு மாதிரி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்ல, நான் தட்டினேன். நாலாவது தொகுதியில் மகன் ஓர் எண்ணை விழுங்கிவிட்டார். "அவசரப்படாதேடா" என்று அங்கேயே ஒரு திட்டு.

சேஃப் மோடு வந்ததும் திரை கறுப்பாக, நாலு மூலையிலும் எழுத்தோடு நிற்கும், பயப்பட வேண்டாம். பின் நம்பர் செல்லாவிட்டால் பாஸ்வேர்டு கேட்கும். கண்ட்ரோல் பேனலில் ஆன்டிவைரஸை அன்இன்ஸ்டால் பண்ணப் பாருங்கள். சில சமயம் முரண்டு பிடிக்கும். விண்டோஸ் இன்ஸ்டாலர் என்ற சேவை சேஃப் மோடில் வேலை செய்யாது, காரணம் அதுதான். பெரிய ஆன்டிவைரஸ் கம்பெனிகள் தங்கள் பொருளை அடியோடு நீக்கவே தனிக் கருவி வைத்திருக்கின்றன. அதை அவர்கள் தளத்திலிருந்து வேறொரு கணினியில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து ஓட்டுங்கள். நான் இரண்டையும் எடுத்தேன். ரீஸ்டார்ட். லோகோ, புள்ளிகள், அப்புறம் டீச்சரின் பேத்தி சிரிக்கும் படம்.

சேஃப் மோடே வராமல் அடம்பிடித்தால் அதே அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் சிஸ்டம் ரீஸ்டோர் இருக்கிறது; விண்டோஸை முந்தைய ஒரு தேதியின் நிலைக்குத் திருப்பும் வழி அது. ஆன்டிவைரஸ் போட்ட நாளுக்கு முந்தைய தேதி அதில் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

ஃபார்மெட் மேல் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், கடை ஆரம்பித்த புதிதில் நானும் அதைத்தான் செய்தேன். ஒரு கல்லூரி மாணவனின் ப்ராஜெக்ட் முழுக்க டி டிரைவில் இருக்கிறது என்று நினைத்து, விண்டோஸ் இருக்கும் சி டிரைவை அழித்தேன். டெஸ்க்டாப்பில் இருந்திருக்கிறது. டெஸ்க்டாப் சி-யில்தான் இருக்கும் என்பது எனக்குத் தெரியாததா? அவசரம்.

கிளம்பும்போது டீச்சர் கேட்டார்: "அப்போ இனிமே எதைப் போடணும் தம்பி?" எதுவும் போட வேண்டாம் என்றேன். விண்டோஸ் 8 காலத்திலிருந்தே டிஃபெண்டர் என்ற அதன் சொந்த ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது. மற்றவை போனதும் அதுவே எழுந்துகொள்ளும். மார்க் லிஸ்ட் போடுகிறவருக்கு அது போதும். "ஒரு வருஷத்துக்குக் காசு கட்டிட்டேனே" என்று ஆன்டிவைரஸ் வந்த டப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். இப்போது அதில் லேப்டாப் ஸ்க்ரூக்களைப் போட்டு வைத்திருக்கிறோம்.

வணக்கம்.