எண்ணெய் வேண்டாம், வாசகம் கொடுங்கள்

(சிங்கப்பூரில் ஒரு கத்தோலிக்கப் பங்கு மண்டபத்தில், அன்பியங்கள் எனப்படும் அக்கம்பக்கக் குடும்பக் குழுக்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தந்தை அவர்களே, அன்பியப் பொறுப்பாளர்களே, பெரியவர்களே, இளைஞர்களே, வணக்கம்.

2024 செப்டம்பர் 12ஆம் தேதி, தேசிய விளையாட்டரங்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் நிறைவேற்றிய திருப்பலிக்கு உங்களில் பலர் போயிருப்பீர்கள். ஏறக்குறைய 50,000 பேர் கூடினோம். அவர் எப்படி வந்தார்? சக்கர நாற்காலியில் வந்தார். அவரைத் தள்ளிக்கொண்டுபோய்க் கடைசி வரிசைக்குப் பின்னால், தூண் ஓரமாக யாரும் நிறுத்தவில்லை! நம் கோயில்களில் சக்கர நாற்காலிக்கு வழக்கமாகக் கிடைப்பது எந்த இடம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வெளியே ஊர் மாறிவிட்டது. 2020 டிசம்பரிலிருந்து பொதுப் பேருந்துகள் எல்லாவற்றிலும் சக்கர நாற்காலி ஏறும். எம்ஆர்டி ரயில் நிலையங்களில் மின்தூக்கி இருக்கிறது. பிடோக்கில் வீவக அடுக்குமாடி வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் ஓஃபிர் ரோடு லூர்து அன்னை ஆலயம் வரை தன்பாட்டில் வந்துவிடலாம். வாசல் வரைக்கும் அரசாங்கம் பார்த்துக்கொண்டது. வாசலுக்கு உள்ளே நம் பாடு.

சரிவுப்பாதை, கைப்பிடி, அகலமான கழிவறை எல்லாம் வேண்டும்தான். அதற்குக் கட்டடக் குழு இருக்கிறது, காசு சேர்ந்தால் நடக்கும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: நடு வரிசையில் ஒரு பெஞ்சின் ஓரத்தை மூன்றடி குறைத்தால் போதும், அப்பா சக்கர நாற்காலியோடு பிள்ளைகள் பக்கத்திலேயே இருந்து பூசை காணலாம். ஒரு தச்சருக்கு அரை நாள் வேலை.

காசு செலவில்லாத ஒன்றைத்தான் நாம் செய்யாமல் இருக்கிறோம். பிப்ரவரி 11, லூர்து அன்னை திருநாள். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அதை உலக நோயாளர் நாளாக ஆக்கினார், 1993இலிருந்து கொண்டாடுகிறோம். அன்று உடற்குறையுள்ளவர்களையும் முன்வரிசைக்கு அழைக்கிறோம், அவர்கள் தலைமேல் கைவைத்துச் செபிக்கிறோம். நல்லது. 12ஆம் தேதி? பூசையில் விவிலியம் வாசிக்கும் வாசகர் பட்டியலில் அவர்கள் பெயர் உண்டா? பாடகர் குழுவில்? காணிக்கை எடுக்கும் வரிசையில்? பார்வையில்லாத ஒரு முப்பது வயது இளைஞர் நோயாளி இல்லை ஐயா! அவருக்கு நோயாளிகளுக்குப் பூசும் எண்ணெய் வேண்டாம், வாசகம் கொடுங்கள். ஒரு வாரம் முன்னதாக அனுப்பிவிட்டால் பிரெயிலில் எடுத்துக்கொண்டு விரலால் தடவி வாசிப்பார். கண்ணாடியைத் தேடிக்கொண்டே மேடை ஏறும் நம்மில் சிலரைவிடத் திருத்தமாகவே வாசிப்பார்.

“மேடைக்கு ஒரு படி இருக்கிறதே, மைக் உயரத்தில் இருக்கிறதே” என்பார்கள். கீழே ஒரு மைக்கை வையுங்கள், தீர்ந்தது. “உட்கார்ந்து வாசிப்பது முறையா?” என்றும் கேட்பார்கள். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், எண் 930: நிற்க முடியாத குரு ஆயரின் அனுமதியோடு மக்கள் முன்னால் உட்கார்ந்தபடியே திருப்பலி நிறைவேற்றலாம். பார்வை இழந்த குருவும் துணையாளர் ஒருவரை வைத்துக்கொண்டு நிறைவேற்றலாம். சாமியே உட்காரலாம், வாசகர் உட்காரக் கூடாதா?

அதே சட்டத்தில் எண் 990ஐயும் பாருங்கள். மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவ அறிக்கை, செய்யலாம். சாமியைப் போலவே அந்த மொழிபெயர்ப்பாளரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். காது கேளாதவர் சைகை மொழி தெரிந்த ஒருவரோடு வந்தால் திருப்பி அனுப்பத் தேவையே இல்லை. இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எண் 777 இன்னும் வெளிப்படை. உடலிலோ மனத்திலோ குறையுள்ளவர்களுக்கும் இயன்ற அளவு மறைக்கல்வி கிடைக்கும்படி பார்ப்பது பங்குத்தந்தையின் கடமை. சலுகை என்று அங்கே எழுதவில்லை.

ஆட்டிசம் உள்ள பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மாவைப் பார்த்திருப்பீர்கள். எழுந்தேற்றத்தில், அதாவது சாமி நற்கருணையை உயர்த்தும்போது, மணி அடிக்கும். பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு கத்தும். நாலு தலை திரும்பும், ஒரு “ஸ்ஸ்” வரும். அடுத்த ஞாயிறு அந்த அம்மா மாதா கெபி (குகைக் கோயில்) பக்கம் வெளியே நிற்பார். அதற்கடுத்த ஞாயிறு வரமாட்டார். யாரும் விரட்டவில்லை, ஆனாலும் போய்விட்டார். நற்செய்தியில், எரிகோ வீதியில் பார்வையற்ற பர்த்திமேயு இயேசுவைக் கூப்பிட்டுக் கத்தியபோதும் கூட்டம் இதைத்தான் செய்தது, வாயை மூடு என்றது. ஆண்டவரோ நின்று அவரைக் கூப்பிடச் சொன்னார். பார்வையற்றவருக்கு என்ன வேண்டும் என்பது ஊருக்கே தெரியும், அப்படியும் “உமக்கு நான் என்ன செய்ய வேண்டும்?” என்று அவரிடமே கேட்டார்.

நாம் கேட்பதில்லை, நாமே முடிவு செய்துவிடுகிறோம். அந்த அம்மாவைக் கேட்டிருந்தால், “மணி அடிக்கப் போகிறது என்று ஒருத்தர் முன்கூட்டியே சைகை காட்டினால் போதும், பிள்ளைக்குக் காதடைப்பானை மாட்டிவிடுவேன்” என்று சொல்லியிருக்கலாம். வரவேற்பாளர் ஒருவர் செய்யக்கூடிய காரியம்தானே?

அடுத்த மாத வாசகர் பட்டியல் இன்னும் எழுதவில்லை என்று கேள்விப்பட்டேன். எழுதுகிறவர்கள் பின்னால் தேநீர் மேசைக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். உங்கள் வீட்டில், உங்கள் பிளாக்கில் உடற்குறையுள்ளவர் யாராவது இருந்தால், முதலில் அவர்களுக்கு விருப்பமா என்று கேளுங்கள். சரி என்றால், அவர்கள் பெயரை இவர்களிடம் கொடுங்கள். நன்றி, வணக்கம்.