மாகாண எல்லையில் மத்திய பொலிஸ்

தலைவர் அவர்களே, சபையோரே,

இந்திய மத்திய அரசின் புலனாய்வு அமைப்பான சி.பி.ஐ. என்றால் இந்தியாவில் எங்கும் புகுந்து விசாரிக்கலாம் என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். படங்களில் அப்படித்தான் வருகிறார்கள். ஆனால் அது 1946ஆம் ஆண்டின் டெல்லி சிறப்புப் பொலிஸ் சட்டத்தின்கீழ் இயங்கும் அமைப்பு. மாநில அரசு சம்மதிக்காமல் அந்த மாநிலத்துக்குள் அது விசாரிக்க முடியாது என்கிறது அச்சட்டத்தின் 6ஆவது பிரிவு.

வழக்குக்கு வழக்கு கேட்க வேண்டாம் என்று, மாநிலங்கள் பொதுச் சம்மதத்தை முன்கூட்டியே கொடுத்து வைப்பதுதான் வழக்கம். 2018இல் ஆந்திராவும் மேற்கு வங்கமும் அதைத் திரும்பப் பெற்றன. பிறகு கேரளா, பஞ்சாப் என்று வரிசை நீண்டது. தமிழ்நாட்டின் கதை இன்னும் சுவையானது. 2023 ஜூன் 14 அன்று மாநில அமைச்சர் செந்தில் பாலாஜியை மத்திய அரசின் இன்னொரு விசாரணை அமைப்பான அமலாக்கத் துறை கைது செய்தது, அன்றே சி.பி.ஐ.க்கான சம்மதம் ரத்தானது. அமலாக்கத் துறைக்கோ மாநிலத்தின் சம்மதமே தேவையில்லை! வந்தவர் ஒருவர், கதவடைத்தது இன்னொருவருக்கு.

ஆந்திராவில் 2019இல் ஆட்சி மாறியதும் சம்மதமும் திரும்பி வந்துவிட்டது. ஆக, இதில் கொள்கை பாதி, கட்சி பாதி. உயர் நீதிமன்றங்களும் உச்ச நீதிமன்றமும் சம்மதம் இல்லாமலே சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிடலாம் என்று 2010இல் தீர்ப்பு வந்திருப்பது ஓரளவு ஆறுதல்.

சரி, நமது இலங்கைக்கு வருவோம். நமது அரசியல் யாப்பு ஒற்றையாட்சி யாப்பு. ஆனாலும் 1987இன் 13ஆவது திருத்தத்தில் மாகாணப் பொலிஸ் பிரிவு உண்டு. மாகாணத்துக்குரிய ஒரு குற்றத்தை மத்திய பொலிஸின் குற்றப் புலனாய்வுத் திணைக்களமான சி.ஐ.டி. விசாரிக்க வேண்டும் என்று பொலிஸ் மா அதிபர் கருதினால், முதலமைச்சருடன் கலந்தாலோசித்து, சட்ட மா அதிபரின் அங்கீகாரத்துடன் உத்தரவிடலாம். கவனியுங்கள்: முதலமைச்சர் வேண்டாம் என்றாலும் கோப்பு நகரும். அதை நிறுத்தக்கூடியவர் சட்ட மா அதிபர், அவரும் கொழும்பில்தான். சி.ஐ.டி. விசாரணைக்குப் பேர்போன கொழும்பு நாலாம் மாடி என்றாலே பேச்சைக் குறைத்துக்கொள்ளும் வடக்கு கிழக்கு மக்களுக்கு இது வெறும் சட்ட நுணுக்கமல்ல.

அந்த ஏற்பாடும் இன்றுவரை ஏட்டோடு சரி. 2014க்குப் பின் மாகாண சபைத் தேர்தலே நடக்கவில்லை. கலந்தாலோசிக்க ஒரு முதலமைச்சரும் இல்லை.

புதிய யாப்பு எழுதுவதானால், மாகாணத்தின் சம்மதத்தைக் கட்டாயமாக்குங்கள் என்பேன். ஆனால் இந்தியாவைப் போல் மொத்தமாகக் கொடுத்து மொத்தமாகப் பறிப்பது வேண்டாம். வழக்குக்கு வழக்கு சி.ஐ.டி. கேட்கட்டும். மறுத்தால் முதலமைச்சர் காரணத்தை எழுத்தில் கொடுக்கட்டும். தன் அமைச்சரைக் காப்பாற்றத்தான் மறுக்கிறார் என்று தோன்றினால், மாகாண மேல் நீதிமன்றம் அதைப் புரட்டிப் போடட்டும்.